மூலையில் ஒரு பென்சில் டிக்

அத்தியாயம் 17

அட்டைக் கட்டிலிருந்து ஒரே ஓர் அட்டையை மட்டும் உருவி, மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டுச் சின்னவள் படுக்கப் போனதோடு போன வாரம் விட்டிருந்தோம். அப்புறம் அவள் தூங்கினாளா என்று கேட்டு நாலைந்து வாசகிகள் எழுதியிருக்கிறார்கள். தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள். காலையில் கண் விழித்ததும் அதை நினைத்துத்தான் முதலில் வெட்கப்பட்டாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. வீட்டில் மூன்று பெண்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி அறை வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிப்பாள். பெரியவள் முன்பு ரெடிமேட் பாக்டரியில் கட்டிங் மாஸ்டர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டும் மெஷின் வலது கையைப் பதம் பார்த்துவிட்டது. இரண்டு விரல் மடங்காது. இப்போது ஒரு ஸ்டேஷனரி கடையில் நிற்கிறாள். சின்னவள் வக்கீல். சட்ட மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்து, இன்னும் எட்டு நாளில் விமானம் ஏற வேண்டியவள். வீட்டில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'கோர்ட்டு' என்றுதான்.

அங்கே போய்ப் படிப்பதற்கு முன்னால் சட்ட இங்கிலீஷ் படித்தாக வேண்டும். பல்கலைக்கழகமே பன்னிரண்டு வாரம் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் வைத்திருந்தது. வார்த்தைக்கு ஓர் அட்டை. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் தமிழ். அட்டைகளைக் கடையிலிருந்து வாங்கி வந்தது பெரியவள். தினமும் காலையில் அடுப்படியில் உட்கார்ந்து, அட்டையைக் கையில் பிடித்து, தட்டுத் தடுமாறி இங்கிலீஷை வாசித்துக் கேள்வி கேட்பதும் பெரியவள்தான்.

இன்றைக்கும் அட்டைக் கட்டை எடுத்தாள். ரப்பர் பேண்டைக் கழற்றினாள். பெருவிரலால் ஓரத்தைச் சரசரவென்று தள்ளிப் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுதே."

சின்னவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னது?"

"நானூத்திப் பன்னெண்டு இருக்கணும். பதினொண்ணுதான் இருக்கு."

"தினமும் எண்ணுவியா நீ?"

"எண்ணாம? அறுபது மடிப்புத் துணி விரிச்சு, ஒண்ணொண்ணா எண்ணிட்டுத்தான் மெஷினையே தொடுவேன். அந்தப் பழக்கம் போகுமா?"

"எங்கயாவது விழுந்திருக்கும்க்கா. கட்டிலுக்கு அடியில பார்க்கறேன்."

"எது குறையுதுன்னு தெரியுமா?"

"தெரியலையே" என்றாள் சின்னவள்.

பெரியவள் அவளை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முதல் அட்டையை எடுத்து வாசிக்க ஆரம்பித்தாள். எழுத்துக் கூட்டி வாசித்த காலம் போய் இப்போதெல்லாம் கடகடவென்று வருகிறது அவளுக்கு. சின்னவள்தான் இதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு அன்றைக்குத் தன் பொய்யைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது.

பக்கத்து அறையில் அம்மா பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எட்டு நாள் இருக்கிறது, இப்போதே என்ன அவசரம் என்று கேட்டால், "கடைசி நாள்ல அடைச்சா சுருங்கும்" என்பாள். எல்லாம் ஆஸ்பத்திரி மடிப்பு. நாலு மூலையும் நேர்.

"கோர்ட்டு! கறுப்புக் கோட்டு மேலயா, அடியிலயா?"

"எங்கயாவது வைம்மா."

"அப்படிச் சொல்லாதே. இறங்கினதும் போட்டுக்கணும்னா மேல வைக்கணும். அப்புறம் ஏதோ படிவம் அனுப்பணும்னியே, அனுப்பிட்டியா?"

"சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கும்மா."

"அது என்ன படிவம்?"

"நான் ஒழுங்கானவள்னு நானே எழுதிக் குடுக்கணும்."

அம்மா சிரித்தாள். "அதுக்கென்ன, ஒரு நிமிஷ வேலை. ஊரைக் கேட்டா ஊரே எழுதிக் குடுக்கும்."

சின்னவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

* * *

இந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷில் எந்தக் காகிதம் வந்தாலும் அது சின்னவளுடைய இலாகா. பதினோரு வயதில் கேஸ் கனெக்ஷன் படிவத்தில் ஆரம்பித்தது. அவள் படித்துப் பார்த்து, வலது பக்க மேல் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவாள். பேனாவில் போட்டால் ஆபீஸ்காரர்கள் கத்துவார்களாம், அதனால் பென்சில். டிக் இருந்தால்தான் அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போடுவார்கள். இல்லாவிட்டால் தலை போகிற அவசரம் என்றாலும் போட மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாக்டரியின் ஆபீஸ் அறையில் வைத்து அவள் ஒரு டிக் போட்டாள். அப்போது அவள் சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அக்காவின் கையில் கட்டு. மேஜைக்கு அந்தப் பக்கம் பர்சனல் ஆபீசர். ரொம்ப மரியாதையான மனிதர். டீ வரவழைத்துக் கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார். "தங்கச்சி லா படிக்கிறாங்களாமே! அப்புறம் நாங்க என்னத்தைச் சொல்றது? அவங்களே படிச்சுச் சொல்லட்டும்" என்று ஆறு பத்தி இருந்த ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

அக்கா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில்தான் வினையே. அத்தனை பெருமை.

காகிதத்தில் ஒரு வாக்கியம் பத்து வரிக்கு ஓடியது. எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. சின்னவளுக்கு நான்கு வார்த்தை புரிந்தது: பணம், வேலை, கை, சம்மதம். மற்றதெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். புரியவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. டீ குடித்து அதை விழுங்கினாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. பணம் தர்றாங்க. கை சரியாகிற வரைக்கும் லைட் வேலை தர்றாங்க. அவ்வளவுதான்" என்றாள். டிக் போட்டாள். அக்கா இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே சின்னவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள். மொத்தம் ஏழு நிமிஷம்.

லைட் வேலை ஆறு மாதத்தில் நின்றுபோயிற்று. கேட்டதற்கு, "பேப்பர்ல அப்படித்தானே இருக்கு" என்றார்கள். பேப்பரை யாரும் மறுபடி எடுத்துப் பார்க்கவில்லை. கோர்ட்டே பார்த்து டிக் போட்ட பேப்பர் ஆயிற்றே.

போன வாரம்தான் வினை விளைந்தது. வீட்டில் இருக்கிற ஏதாவது ஓர் ஒப்பந்தத்தை எடுத்து, சாதாரண மனுஷிக்குப் புரிகிற மாதிரி பத்தி பத்தியாக எளிய இங்கிலீஷில் எழுதி வரச் சொன்னார்கள் வகுப்பில். வீட்டில் இருந்தவை இரண்டே ஒப்பந்தம். ஒன்று பிரிட்ஜ் வாரண்டி. இன்னொன்று இது. சின்னவள் இதை எடுத்தாள். பதினோரு வாரம் படித்த படிப்பு வீண்போகவில்லை. இந்தத் தடவை எல்லா வரியும் புரிந்தது. நான்காவது பத்தியில், இந்தக் காயத்தால் இன்றைக்கும் இனிமேலும் கேட்கக்கூடிய எல்லா நஷ்டஈட்டையும் பெரியவள் தானாகவே விட்டுக்கொடுத்திருந்தாள். 'வெய்வர்' என்று அதற்குப் பேர். உரிமையைத் தானே விட்டுவிடுதல். டிராயரில் பூட்டிக்கிடப்பது அந்த அட்டைதான்.

* * *

பதினோரு மணிக்கு வகுப்பு. பாடம் எடுக்கிற அம்மையார் முப்பது வருஷம் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுவார். திரையில் சின்னவளின் காகிதத்தைப் போட்டு, எல்லோரும் பார்க்க ஒரு பாராட்டு வேறு.

"ரொம்பத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தால் அந்தப் பெண்ணுக்கே புரியும். பேர்களை மாற்றியிருக்கிறீர்கள், அதுவும் சரி. ஒரு சந்தேகம். ஆறாவது பத்தியை ஏன் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்?"

ஆறாவது பத்தி இதுதான்: 'மேலே கண்டவற்றைக் கையெழுத்திட்டவருக்கு அவர் தாய்மொழியில் முழுவதும் படித்து விளக்கினேன். அவர் புரிந்துகொண்டார்.' வீட்டிலிருந்த அசல் பேப்பரில் அதற்குக் கீழே, சின்னவளின் கையெழுத்து.

"அது வழக்கமான வரிதானே மேடம்" என்றாள் சின்னவள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இல்லை. இந்தக் காகிதம் நிற்பதே அந்த ஒரு வரியின் மேல்தான். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரோ விளக்கினார்கள் என்பதால்தான் அவள் சம்மதம் செல்லுபடியாகிறது. அந்த ஆள் வந்து, 'நான் விளக்கவில்லை, எனக்கே புரியவில்லை' என்று சத்தியம் செய்தால் இதை எதிர்த்து நிற்க இடம் கிடைக்கும். ஜெயிப்பாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி இருக்கிறது."

"அந்த ஆளுக்கு என்ன ஆகும் மேடம்?" என்று வேறொரு மாணவி கேட்டாள்.

"பொய்யாகச் சான்று கொடுத்திருக்கிறார் அல்லவா? அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். பொதுவாக அதனால்தான் அவர்கள் வாயைத் திறப்பதில்லை" என்று சொல்லிவிட்டு அம்மையார் அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார்.

சின்னவள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தொழிலாளர் ஆபீசில் இந்த மாதிரிக் கேஸ் கொடுக்க மூன்று வருஷம்தான் கெடு என்பது அவளுக்குத் தெரியும். கெடு முடிய இன்னும் பத்து நாள். பேசாமல் இருந்துவிட்டால், அவள் இறங்கிய ஊரில் இரண்டாவது நாள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அது தானாக முடிந்துபோகும். யாருக்கும் தெரியாது. அக்கா விமான நிலையத்தில் அந்தக் கையாலேயே டாட்டா காட்டுவாள்.

அந்த யோசனை தனக்கு வந்ததே என்பதுதான் அவளைச் சுட்டது. அந்த யோசனையிலிருந்து தப்பிக்கிற மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

கடையில் நாலு மணிக் கூட்டம். பெரியவள் ஜெராக்ஸ் மெஷினுக்கும் கல்லாவுக்கும் நடுவில் நின்று இரண்டையும் சமாளித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை மெஷினிலிருந்து இழுக்கும்போது மடங்காத இரண்டு விரலும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். தினமும் பார்க்கிற காட்சிதான். இன்றைக்குச் சின்னவளால் பார்க்க முடியவில்லை. பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி அவளை விடவில்லை. "வாங்க வக்கீலம்மா! எட்டு நாள்தானாமே! உங்க அக்கா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்றாங்க. நேத்து ஒருத்தர் ஒரு ரப்பர் வாங்க வந்தார், அவர்கிட்ட அரை மணி நேரம்."

"ரப்பர் விலைக்கு அது ஜாஸ்திதான்" என்றாள் சின்னவள். சிரிக்க முயன்றாள்.

பெரியவள் நிமிர்ந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே, அரை மணி நேரம் பார்த்துக்குங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பின் அறைக்கு நடந்தாள்.

பின் அறையில் காகிதக் கட்டுகள் கூரை வரைக்கும். நடுவில் ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். பெரியவள் ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தாள். சின்னவள் உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பாக்டரி பேப்பர்..."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தது மறந்துபோயிற்று.

பெரியவள் தன் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஓர் அட்டையை எடுத்து மடியில் வைத்தாள். இடது கைக் கோணல் எழுத்து. ஒரு பக்கம் 'வெய்வர்' என்ற இங்கிலீஷ் வார்த்தை. திருப்பினாள். உரிமையைத் தானே விட்டுவிடுதல்.

"இதைத்தானே காணோம்?"

டிராயர் சாவி தன் பையில்தான் இருக்கிறதா என்று சின்னவள் தொட்டுப் பார்த்தாள்.

"ஸ்டேஷனரி கடையில அட்டைக்கா பஞ்சம்? இருபது நாள் முன்னாடி இந்த வார்த்தை வந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு தோணுச்சு. வீட்டுக்குப் போய் அந்தப் பேப்பரை எடுத்தேன். நாலாவது பத்தில இருந்தது. அப்புறம் உன் அட்டைக் கட்டையும் வச்சிக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா பார்த்தேன். முழுசாப் புரிய ஆறு நாள் ஆச்சு."

"இருபது நாளா உனக்குத் தெரியுமா?"

"நானூத்திப் பன்னெண்டு அட்டையைத் தினமும் வாசிச்சது யாரு?"

சின்னவள் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை அவள் ஒரு சுவர் மாதிரி நம்பி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அந்த அக்காதான் தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா கேட்கலை?"

"கேட்டா நீ போக மாட்டே. அதனால கேட்கலை." பெரியவள் அட்டையின் ஓரத்தை நகத்தால் தேய்த்தாள். "அது பாதிதான் உண்மை. கேட்கப் பயமா இருந்தது. சரி, இப்ப நீயே வந்துட்டே. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு உனக்குப் புரிஞ்சுதா?"

"என்னக்கா?"

"புரிஞ்சுக்கிட்டே டிக் போட்டியா? அந்த வாரம்தான் உன் காலேஜ் ஃபீஸ் கடைசி தேதி. அவங்க குடுத்த பணத்துலதான் கட்டினோம். இருபது நாளா இதைத்தான் யோசிக்கிறேன். புரிஞ்சுதான் போட்டாள்னா, போட்டுட்டுப் போகட்டும், நம்ம பொண்ணுதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா தேறலை."

சின்னவளுக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை. அக்கா இருபது நாள் இந்த எண்ணத்தோடு அவளுக்கு அட்டை பிடித்திருக்கிறாள். காபி போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரப்பர் வாங்க வந்தவரிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள்.

"புரியலைக்கா." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சத்தியமா ஒரு வரி கூடப் புரியலை. புரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்தது. அந்த ஆளு முன்னாடி, நீ என்னை அப்படிப் பார்த்துக்கிட்டிருந்தே... என்னால சொல்ல முடியலை."

பெரியவள் பெரிதாக ஒரு மூச்சு விட்டாள். அடுத்த நொடி அவளுக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

"அடிப் பாவி! புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடியா முழுகிப் போயிருக்கும்? வேற ஒருத்தர்கிட்ட காட்டியிருப்போம். கட்டிங்ல முதல் பாடம் என்ன தெரியுமா? கோடு சந்தேகமா இருந்தா மெஷினை நிறுத்து. யார் பக்கத்துல நின்னாலும் சரி, சூப்பர்வைசர் கத்தினாலும் சரி, நிறுத்து. ஏன்னா கீழ அறுபது மடிப்பு இருக்கு. ஒரு வெட்டுல அறுபது சட்டை போயிடும்."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்? இந்தக் கையோட மூணு வருஷமா நான் பாட்டில் மூடி திறக்க முடியாம பல்லால திறக்கிறேன். என்ன தெரியும் உனக்கு?"

சின்னவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து பாக்டரி பேப்பரின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினாள். மேல் மூலையில் அந்தப் பழைய பென்சில் டிக்கும் ஜெராக்ஸில் விழுந்திருந்தது.

"படி."

"உனக்குத்தான் தெரியுமே..."

"தாய்மொழியில முழுசும் படிச்சு விளக்கினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே. விளக்கு. உட்காரு."

சின்னவள் உட்கார்ந்தாள். படித்தாள். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னாள். பெரியவள் ஜெராக்ஸின் மேல் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள். நான்காவது பத்தியில் சின்னவளின் குரல் உடைந்தபோது, "ம், மேல படி" என்றாள். ஆறாவது பத்தியைப் படித்து முடித்து, கடைசியில் தன் பேரையும் சின்னவளே வாசித்தாள். மொத்தம் நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

"இதுக்கு ஒரு வழி இருக்குக்கா" என்று ஆரம்பித்து, வகுப்பில் கேட்டதையெல்லாம் சின்னவள் சொன்னாள். கெடு பத்து நாள் என்பதையும் சொன்னாள். அதைப் பேசாமல் விட்டுவிடலாமா என்று மத்தியானம் நினைத்ததையும் சேர்த்தே சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் மறுபடி ஒரு டிக் போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

"நீ சத்தியம் பண்ணினா உனக்கு என்ன ஆகும்?"

சின்னவள் போனை எடுத்து, காலையிலிருந்து திறந்தே கிடந்த படிவத்தைக் காட்டினாள். பெரியவள் போனை வாங்கி, அட்டை வாசிக்கிற அதே குரலில், ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷை வாசித்தாள். பிறகு அவளே தமிழில் சொன்னாள்.

"உண்மை இல்லாத ஒரு ஆவணத்துல நீங்க எப்பவாவது கையெழுத்துப் போட்டிருக்கீங்களா. ஆமாம். இல்லை." நிமிர்ந்தாள். "ரெண்டு பெட்டி இருக்கு."

"ஆறு மணிக்குள்ள ஒண்ணுல டிக் போடணும்."

"ஆமாம்னு போட்டா?"

"சீட்டு போனாலும் போகலாம்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபது. பெரியவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இல்லைன்னு போடு."

"அக்கா!"

"புரியாம டிக் போட்டதுதானே? எனக்கு அது தெரிஞ்சா போதும். என் மனசுல இருந்த பாரம் போச்சு. கை என் கை. நான் விட்டுட்டேன்னு வச்சுக்கோ. வெய்வர்."

"இப்ப எனக்குப் புரியுதுக்கா" என்றாள் சின்னவள். "அன்னைக்குப் புரியாம பொய் சொன்னேன். இன்னைக்கு இல்லைன்னு போட்டா, நல்லாப் புரிஞ்சே பொய் சொல்றேன். அப்புறம் அங்க போய் நான் என்ன சட்டம் படிக்கிறது?"

'ஆமாம்' என்ற பெட்டியைத் தொட்டாள். உடனே கீழே ஒரு கட்டம் திறந்தது. விவரம் எழுதச் சொன்னது.

அவள் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதினாள். பதினோரு வாரம் படித்த பெரிய வார்த்தை ஒன்றையும் போடவில்லை. நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா என்னை நம்பினார். எனக்குப் புரியவில்லை. விளக்கியதாகக் கையெழுத்துப் போட்டேன். அது பொய். இதையே தொழிலாளர் ஆபீசிலும் நாளைக்குச் சத்தியம் செய்யப் போகிறேன். பிரிண்டர் ஒரு பக்கத்தைத் துப்பியது.

பெரியவள் அதை எடுத்துக்கொண்டாள். விரல் வைத்து, வரி வரியாகப் படித்தாள். சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தைந்து. அவசரப்படுத்த வாய் வரவில்லை.

"இங்க 'என் தவறு'ன்னு போட்டிருக்கே. அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை இருக்கே, அது என்ன?"

"'முழுக்க'ன்னு அர்த்தம். முழுக்க என் தவறு."

"முழுக்க வேணாம். டீயும் பிஸ்கட்டும் குடுத்து அவசரப்படுத்தின ஆளை விட்டுட்டியே. அதையும் எழுது. உண்மைன்னா எல்லா உண்மையும் இருக்கட்டும்."

சின்னவள் திருத்தினாள். மறுபடி ஒரு பக்கம் வந்தது. பெரியவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். மடங்காத இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, வலது பக்க மேல் மூலையில், நடுங்கி நடுங்கி ஒரு டிக் போட்டாள்.

"இப்பக் கையெழுத்துப் போடு."

சின்னவள் போட்டாள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துச் சேர்த்து, ஐந்து ஐம்பத்தாறுக்குப் படிவத்தை அனுப்பினாள். இரண்டு பேரும் கட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் அக்காவின் வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

ஆறு மணி அடித்து இரண்டு நிமிஷத்தில் போன் சிணுங்கியது. பெரியவள்தான் எடுத்து வாசித்தாள். தங்கையை உதவிக்குக் கூப்பிடவே இல்லை.

"உங்க பதிலைக் குழுவுக்கு அனுப்பியிருக்கோம். முடிவு வர்ற வரைக்கும் பயணம் செய்ய வேண்டாம்."

கையிலிருந்தபடியே போன் மறுபடி அடித்தது. அம்மா. பெரியவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கோர்ட்டு! பெட்டியைத் தராசுல வச்சுப் பார்த்துட்டேன். இருபத்திரண்டு கிலோ. இன்னும் ஒரு கிலோ வைக்கலாமாம். உனக்கு என்ன வேணும்னு சொல்லு, வச்சுட்டுப் பூட்டிடறேன்."

சின்னவள் வாயைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மேஜையில் டீயோடு விழுங்கிய 'புரியவில்லை'யைத்தான் இப்போது அம்மாவிடமும் சொல்லியாக வேண்டும். அக்கா அவள் கையை அழுத்தினாள். சொல்லு என்கிற மாதிரி.

"அம்மா" என்றாள் சின்னவள். "பெட்டியைப் பூட்டாதே. நாங்க ரெண்டு பேரும் வர்றோம். உனக்கு ஒரு பேப்பர் படிச்சுக் காட்டணும்."